ஷைனி படுத்த இடம்

ஜூன் 9, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டில் நடந்ததை மட்டுமே எழுதுவேன். எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் எழுதுவேன். நானே தப்புச் செய்தாலும் எழுதுவேன். நாளை ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறக்கிறது. அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் நிறுத்தாமல் எழுதுவேன் என்று தோன்றுகிறது.

முதலில் ஷைனியைப் பற்றி எழுத வேண்டும். ஷைனி காவல்துறையின் மோப்ப நாய். மஞ்சள் நிற லாப்ரடார். ஐந்து வயது. வெடிமருந்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவள். நாயை 'அது' என்றுதான் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஷைனியை அப்படிச் சொல்வதில்லை.

அம்மா ஏட்டு. பெயர் இசக்கியம்மாள். ஷைனிக்கு ஹேண்ட்லர், அதாவது அவளைப் பழக்கி வேலை வாங்குபவள். போன மாதம் தேர்த் திருவிழாவுக்கு மேடையைச் சோதிக்கும்போது ஷைனி ஈரப் பலகையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. இடது பின்தொடைத் தசை கிழிந்திருக்கிறதாம். கால்நடை டாக்டர் ஜெபராணி ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். மருந்தைவிட முக்கியம் மசாஜ், தினமும் மூன்று வேளை, ஒரு வேளையும் தவறக் கூடாது என்றார்.

ஜூலை 20 அன்று தகுதித் தேர்வு. அதில் தேறாவிட்டால் ஷைனியை வேலையிலிருந்து விடுவித்து வெளி மாவட்டக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா இதைச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். அது ஏற்கெனவே போட்டிருந்த பித்தான்.

ஓய்வுக் காலம் என்பதால் ஷைனி எங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் விதி விதிதான். ஹேண்ட்லரைத் தவிர யாரும் சோறு வைக்கக் கூடாது, தொடக் கூடாது. ஐந்து வருடமாக நான் ஷைனியைத் தொட்டதில்லை. இதுவும் உண்மை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் மசாஜ் பார்த்தேன். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து தொடையில் ஐந்து நிமிடம் போட வேண்டும். பிறகு உள்ளங்கையால் முடி போகும் திசையில் நீவ வேண்டும். பிறகு கட்டை விரலால் சின்னச் சின்ன வட்டம். முதுகெலும்பு மேல் அழுத்தக் கூடாது. நாய் உதட்டை நக்கினாலோ தலையைத் திருப்பினாலோ கையை எடுத்துவிட வேண்டும்.

அம்மா கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு செய்தாள். சரியாக இருபது நிமிடம். ஷைனி பதினோரு முறை உதட்டை நக்கினாள். எண்ணினேன்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தேதி, வேளை, எத்தனை நிமிடம், செய்தவர் என்று கட்டம் போட்ட தாள். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் அதை நிரப்பும் வேலை எனக்கு.

ஜூன் 12, புதன்

மூன்று வேளையும் ஆனது. ஷைனி இன்னும் மூன்று காலில்தான் நடக்கிறாள்.

ஜூன் 15, சனி

டாக்டர் வந்தார். ஷைனியின் தொடையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைச் செய்துகாட்டச் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். ஷைனி படுத்தாள். டாக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இசக்கியம்மா, அவ முகத்தப் பாருங்க. அட்டென்ஷன்ல படுத்திருக்கா."

உண்மைதான். நான்கு காலும் விறைத்திருந்தன. காது முன்னால் நின்றது. அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பது போலிருந்தது.

"நான் தொட்டா வேலன்னு நினைக்கா மேடம். அப்படித்தான பழக்கியிருக்கேன்" என்றாள் அம்மா.

"வேலைய மறந்து தொடுங்க."

"அது எனக்குத் தெரியாதே மேடம்" என்றாள் அம்மா. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

அம்மாவை பந்தோபஸ்து வேலைக்குப் போட்டுவிட்டார்கள். நாய் ஓய்வில் இருக்கும்போது ஹேண்ட்லர் சும்மா இருக்க முடியாதாம். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஏழு ஆகிவிடும். காலை மசாஜும் இரவு மசாஜும் நடக்கும். மதிய வேளைக்கு என்ன செய்வது?

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். அப்பாவைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அப்பா ஆவுடையப்பன், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பரோட்டா மாஸ்டர். இருபத்திரண்டு வருட அனுபவம். மாவை வீசினால் எதிர்ச் சுவர் தெரியும், அவ்வளவு மெல்லிசாக வரும். இப்போது இரண்டு மாதமாக லீவு. இடது தோளில் பிடிப்பு இருந்தது, சரியாகிவிட்டது, ஆடி பிறந்ததும் போய்விடுவேன் என்கிறார்.

சாப்பிடும்போது அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் தொடல. பூரணி ஒண்ணும் பாக்கல." பூரணி நான்தான்.

"எதச் சொல்லல?" என்றார் அப்பா.

"மத்தியானம் ஒரு மணிக்கு. வெந்நி ஃபிளாஸ்குல இருக்கும்."

அப்பா கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டார். "ஏ இசக்கி, எனக்கு நாய்னா பயம்லா?"

"போன வாரம் மரியாதைன்னு சொன்னீங்க."

"மரியாதையும் உண்டு" என்றார் அப்பா.

ஜூன் 18, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு மணிக்கு ஓடி வந்தேன். பள்ளிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் மைதானம் மட்டும்தான் இருக்கிறது. அப்பா ஷைனிக்கு நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பப்பா வந்து உக்காந்தீங்க?"

"பன்னெண்டரைக்கு. அவ வரட்டும்னு இருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஷைனி மூன்று காலில் எழுந்து வந்து அப்பாவின் கையை முகர்ந்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று ஒரு இடம் விடாமல் முகர்ந்தாள். இருபத்திரண்டு வருடச் சால்னா அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு அவர் பக்கத்திலேயே வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பயத்தில் மூடினார் என்றுதான் முதலில் நினைத்தேன். கை நகர ஆரம்பித்த பிறகும் திறக்கவில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மெதுவாக முன்னால் போய்ப் பின்னால் வந்தது. ஊறிய மாவை உருட்டுவதற்கு முன் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாரே, அந்த அளவு அழுத்தம்தான். ஷைனியின் கீழ் உதடு தொங்கி உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு தெரிந்தது. பெருமூச்சு விட்டாள். உதட்டை ஒரு முறைகூட நக்கவில்லை.

எனக்குப் புல்லரித்தது. அப்பாவின் கையைப் பற்றி இதுவரை நான் யோசித்ததே இல்லை. தினமும் பார்த்தும் யோசிக்கவில்லை.

கணக்கு வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டார்கள். வயிற்றுவலி என்றேன். அது பொய்.

தாளில் 'செய்தவர்' என்ற கட்டத்தில் அம்மா பெயரை எழுதினேன். அதுவும் பொய். ஒரே நாளில் இரண்டு. இந்தக் குறிப்பேட்டில் மட்டும் உண்மை இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

ஷைனி இடது பின்காலைத் தரையில் ஊன்றினாள்! நான்கு வினாடி.

ஜூன் 24, திங்கள்

இன்று அப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். தொடையை முடித்ததும் ஷைனியை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்துக் கையை முன்னால் கொண்டுபோனார். எதிர்ப்பக்க முன்தோளில் வந்து நின்றார். அங்கேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க தொட்டுப் பாரு."

"நான் தொடக் கூடாதுப்பா."

"நானுந்தான் தொடக் கூடாது."

தொட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஷைனியைத் தொட்டேன். முடிக்குக் கீழே தசை, மூடி போடாமல் வைத்த மாவு மாதிரி இறுகிக் கிடந்தது.

"அடிபட்டது பின்னாடி. பாரம் பூராத்தையும் தாங்குதது இந்தத் தோளு. ஒரு பக்கம் நோவுனா மத்த பக்கம் ரெண்டு ஆளு வேல பாக்கும். அதுக்கும் சேத்துச் செய்யணும். இல்லன்னா கால் சரியானாலும் நட சரியாவாது" என்றார் அப்பா.

"இது எந்தப் புத்தகத்துல இருக்குப்பா?"

"புத்தகத்துல வேற இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

நூலகத்தில் தேடினேன். கால்நடை வளர்ப்பு நூல் ஒன்றில் இதே விஷயம் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அப்பா மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

ஜூன் 27, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை. அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். நீலகிரித் தைலம் வாங்கி வைத்திருக்கிறார். மதியம் மசாஜுக்கு முன் தேய்த்துக்கொள்கிறார். தும்மவில்லை, மூக்கு ஒழுகவில்லை. மார்பில் தேய்க்காமல் இடது தோளில் தேய்த்துக்கொள்கிறார். சளிக்குத் தோளில் தேய்த்தாலும் கேட்கும் போலிருக்கிறது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஷைனியைத் தொடுகிறார்.

ஜூலை 2, செவ்வாய்

ஷைனி வாசல் படி மூன்றையும் ஏறினாள். இறங்கவும் செய்தாள். அம்மா இரவு வந்ததும் ஏற்றிக் காட்டினோம். அம்மா தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. நின்றபடியே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஜூலை 6, சனி

டாக்டர் தொடையைத் தொட்டார். பிறகு முன்தோளைத் தொட்டார். தாளைப் பார்த்தார்.

"முன்தோளையும் சேத்துச் செஞ்சிருக்கீங்க. நான் அதச் சொல்லவே இல்லையே. யாரு கை இது?"

"என் கைதான் மேடம்" என்றாள் அம்மா.

டாக்டர் அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அப்பாவின் கையைப் பார்த்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்ல கை. நிறுத்திராதீங்க. தேர்வு முடிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. இந்தக் காலுக்கு இனி எப்பவும் வேணும்" என்றார் டாக்டர்.

டாக்டர் போன பிறகு அப்பா சட்னி அரைக்கும்போது பாடினார். பாட்டு நன்றாக இல்லை.

ஜூலை 11, வியாழன்

அப்பா குடத்தை வலது கையால் தூக்கினார். இரண்டாவது குடத்தையும் வலது கையாலேயே தூக்கினார். இடது கையில் தூக்குங்களேன் என்றேன். "நீ போய்ப் படி" என்றார். படித்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. அப்பா கடைக்குப் போகவில்லை. சளி விடவில்லையாம்.

"எத்தன நாளுங்க ஒரு சளி?" என்று அம்மா கேட்டாள்.

"சாரல் நிக்கட்டும் இசக்கி."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குத் தேர்வு நினைப்பாகவே இருக்கிறது.

ஜூலை 20, சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

தேர்வு ஆயுதப்படை மைதானத்தில் நடந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். அப்பாவும் நின்றார். டி.எஸ்.பி. ஐயா நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் டாக்டர் ஜெபராணி தாளுடன் இருந்தார்.

முதலில் ஓட்டம். ஷைனி நேராக ஓடினாள். நடை கோணவில்லை. அடுத்து பன்னிரண்டு படி ஏறி இறங்க வேண்டும். செய்தாள். அடுத்து மூன்றடித் தடையைத் தாண்ட வேண்டும். தாண்டினாள். இடது பின்காலையும் ஊன்றித்தான் எழும்பினாள். தடுமாறவில்லை. என் பக்கத்தில் அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது.

கடைசி, மோப்பம். ஆறு பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அங்கிருந்தவர்களிடம் வாங்கிய பைகள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் வெடிமருந்து இருக்கும். கண்டுபிடித்தால் ஷைனி அதன் முன் உட்கார வேண்டும். வேறு பையைக் காட்டிவிட்டால் தோல்வி. "தேடு" என்றாள் அம்மா.

முதல் பையைத் தாண்டினாள். இரண்டாவது பையையும் தாண்டினாள். மூன்றாவது பையில் நின்றாள். மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள். வாலை ஒரு தடவை ஆட்டினாள். பிறகு அந்தப் பையின் பக்கத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, இடது காலை நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

டி.எஸ்.பி. ஐயா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"யாரு பை அது?" என்றார் டி.எஸ்.பி.

"உங்க பைங்கய்யா" என்றார் ஒரு காவலர். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

டி.எஸ்.பி. எழுந்து வந்து பையைத் திறந்தார். ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு துண்டு, ஒரு புட்டி நீலகிரித் தைலம்.

"முட்டிவலிக்கு வச்சிருக்கேன். இதப் போயி வெடிமருந்துன்னு காட்டுதா?" என்றார். பேனாவை எடுத்தார்.

அப்போது அம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். எங்கள் வேலி வரை கேட்கும்படி சொன்னாள்.

"ஐயா, அவ காட்டல. கண்டுபிடிச்சா உக்காருவா. இப்ப படுத்திருக்கா. மசாஜுக்குப் படுத்திருக்கா."

"மசாஜுக்கும் தைலத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? தைலம் போட்டா செஞ்சீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அம்மா சொன்னது வேறு.

"மதிய வேள நான் செய்யலங்கய்யா. என் வீட்டுக்காரர் செஞ்சார். தாள்ல என் பேரு போட்டிருக்கு. அது தப்பு. அவரு கையில அந்த வாசன இருக்கும். அவருக்கு…" அம்மா இங்கே நிறுத்தினாள். "சளிக்குப் போடுதேன்னு சொன்னாருங்கய்யா." பிறகு வேலிப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு மேலாக அந்த வாசனை எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதை இன்றுதான் முகர்ந்த மாதிரி இருந்தது. "சளிக்கு இல்ல போலருக்கு. தோளுக்குன்னு நினைக்கேன்" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் இடது கை வேலிக் கம்பியைப் பிடித்திருந்தது. மார்பு உயரத்துக்கு மேல் அதை அவர் உயர்த்தி எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இந்தக் குறிப்பேடு தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் இல்லை. எல்லாம் எழுதியிருக்கிறேன், பார்க்கவில்லை.

டி.எஸ்.பி. டாக்டரைப் பார்த்தார். "ரெண்டும் வேறவேற சைகைதான் சார். மேல தேடச் சொல்லிப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க."

"ஷைனி. எந்திரி. தேடு."

ஷைனி எழுந்தாள். வருத்தத்தோடு எழுந்தாள் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு அப்படித் தெரிந்தது. நான்காவது பையைத் தாண்டினாள். ஐந்தாவதில் மூக்கை வைத்தாள். உட்கார்ந்தாள். சிலை மாதிரி, காது முன்னால் நிற்க, அம்மாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பைதான்.

ஷைனி தேறிவிட்டாள். பிள்ளைகள் கத்தியதில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்றில் ஷைனி பணிக்குத் தகுதி என்றும் மசாஜ் தினமும் இரு வேளை தொடர வேண்டும் என்றும் இருக்கிறது. மற்றொன்று மெமோ. விதியை மீறியதற்கும் தாளில் பொய் எழுதியதற்கும் அம்மா விளக்கம் தர வேண்டும். இனி ஹேண்ட்லரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. தாளில் எழுதியது நான்தான், அதையும் விளக்கத்தில் சேர்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னேன். "எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு அம்மா தன் பெயரை மட்டும் போட்டாள்.

பொய்க்குத் தண்டனை வரும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னவளுக்கும் வருகிறது. ஆனாலும் அம்மாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னாளே.

மதியம் ஒரு மணிக்கு ஷைனி அப்பாவின் அருகே போய்ச் சாய்ந்து படுத்தாள். அப்பா கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஷைனி எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 22, திங்கள்

அம்மா காலையில் மசாஜ் செய்தாள். அட்டென்ஷன். மாலையிலும் செய்தாள். அதே அட்டென்ஷன். உதடு நக்கியது ஒன்பது முறை.

"இப்பிடியில்ல இசக்கி. உன் கை அவ மேல போயி விழுது. மெள்ள வந்து நிக்கணும்" என்றார் அப்பா.

"வந்து நிக்கதுன்னா என்ன?"

அப்பா கையை ஷைனியின் மேல் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். காற்றில் செய்துகாட்டினார். அம்மாவும் காற்றில் செய்தாள். இருவரும் காற்றைப் பிசைவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா சொன்னாள், "சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"அவ மேல காட்ட முடியாது. காத்துல காட்டுனா எனக்கு ஏறாது. நோவுத தசை ஒண்ணு வீட்டுல இருக்கு. அதுல காட்டுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா கழட்டுங்க."

அப்பா வெகுநேரம் ஷைனியைப் பார்த்தார். ஷைனி அவருக்கு உதவவில்லை. வலது கையால் பித்தானைக் கழற்றினார். இடது கையைச் சட்டையிலிருந்து உருவ முடியவில்லை. அம்மா உருவினாள். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் புவியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

"இங்க?"

அப்பா தலையை அசைத்தார்.

"அழுத்துதேனா?"

"கண்ண மூடிக்கிட்டுப் பாரு இசக்கி."

அம்மா மூடினாள். உடனே திறந்தாள். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். "பழக்கமில்லங்க. மூடுனா என்னமோ நடந்துரும்னு இருக்கு" என்றாள்.

"ஏட்டி பூரணி, நீ உள்ள போய் எழுது" என்றார் அப்பா. அவர் குரல் சளி பிடித்தவர் குரல் மாதிரி இருந்தது. இந்த முறை உண்மையாகவே.

உள்ளே வந்துவிட்டேன். கதவு இடுக்கு வழியாக ஷைனி மட்டும் தெரிகிறாள். தாடையைத் தரையில் வைத்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டு நாற்பதுக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் அம்மா கண்ணை மூட வேண்டியதில்லை.